மூக்கு வேண்டாமென்ற லட்டு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அறிவுரை எழுத எனக்கு வராது. பதிவேடு எழுதுவது, எடை பார்ப்பது, சார்ட் அட்டையில் யானை வெட்டுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது. அதனால் முழுசாகவே சொல்கிறேன்.

மண்ணூர்ப் பக்கம், சுற்றிலும் கம்பெனிகள் இருக்கிற இடத்தில், ஓர் அங்கன்வாடியில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். கூட்டத்தில் எழுந்து சத்தம் போடுகிறவள் என்று எனக்குப் பெயர். போட்டேன்தான். குழந்தைகளுக்குக் கொடுக்கிற முட்டை கோலிக்குண்டு அளவில் வந்தால் சத்தம் போடாமல் கும்பிடவா முடியும்? ஆனால் நான் சத்தம் போட வேண்டிய ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த நாளைப் பற்றித்தான் இது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூசை முடிந்த வாரம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஓர் இனிப்பு டப்பா இருக்கும். கம்பெனியில் இயந்திரத்துக்கு மாலை, ஆளுக்கு டப்பா. நிரந்தர வேலைக்காரருக்குப் பெரிய டப்பா, ஒப்பந்தத்தில் இருப்பவருக்குச் சின்னப் பொட்டலம். இதை யோசிக்காமல் முதல் வருடம், "எல்லாரும் வீட்டிலிருந்து ஓர் இனிப்பு எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு குழந்தை தன் பொட்டலத்தைப் பாவாடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவே இல்லை. மூன்று வயதில் அதற்கு அது தெரிந்திருக்கிறது! எனக்குத்தான் தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் முந்தின நாள் சாயங்காலமே எங்கள் உதவியாளர் சரோஜா ஒரு தூக்குவாளியோடு தெருவில் போய் எல்லா வீட்டிலும் வாங்கிவந்துவிடுவாள். எல்லாம் ஒரே தாம்பாளத்தில் கொட்டப்படும். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்த இனிப்பை வைத்துத்தான் ஐம்புலன் பாடம் நடத்துவேன். திங்கள் கண், செவ்வாய் விரல், புதன் காது, வியாழன் மூக்கு, வெள்ளி நாக்கு. தினமும் முடிவில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு வாயில் விழும். அதற்கு மேல் கிடையாது. சரோஜா என்னைத் திட்டுவாள். "கொயந்தைங்க முன்னாடி லட்ட வெச்சிகினு, பாரு, தொடு, கேளுன்னு. நீ டீச்சரா, வில்லியா?"

வில்லிதான். ஆனால் அந்த வில்லத்தனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சின்னக் குழந்தை எதைப் பார்த்தாலும் முதலில் வாயில் போடும். எங்கள் பக்கத்தில் தெருவில் கிடப்பதெல்லாம் வாயில் போடுகிற பொருளா? திருகாணி, ரப்பர் வளையம், வெல்டிங் கம்பித் துண்டு, ஏதோ ஒரு பொடி ஒட்டிய பிளாஸ்டிக் உறை. அதனால் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன்.

"கண்ணு?" என்று நான் கேட்பேன். "சரி!" என்று கத்துவார்கள்.

"விரலு?" "சரி!"

"காது?" "சரி!"

"மூக்கு?" "சரி!"

"அப்ப நாக்கு?" "வா!"

நாலு பேரும் சரி சொன்னால்தான் நாக்குக்கு அழைப்பு. ஒருவர் வேண்டாம் என்றால் வாய் திறக்கக் கூடாது. இதை நானே உண்டாக்கினேன். நானே பதினெட்டுக் குழந்தைகளுக்குப் பழக்கினேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அந்த வாரம் நடந்ததை எல்லாம் சொல்ல இடம் போதாது. கற்கண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஒருவன், "உள்ள லைட்டு போட்டுகீறாங்க டீச்சர்" என்றான். ஒரு பெண் குழந்தை ஜாங்கிரி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் விரலால் சுற்றிக்கொண்டே இருந்தது. கண்டுபிடிக்கவில்லை, அழவும் இல்லை, மறுபடி முதலிலிருந்து சுற்றியது. கண்ணைக் கட்டிவிட்டு மைசூர்பாகைக் கையில் கொடுத்தால் "செங்கல்லு" என்றார்கள். சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் கிடைக்கிற அமைதியில் கடலை மிட்டாயை உடைத்துக் காட்டுவேன். மடக்! அந்தச் சத்தத்துக்குப் பதினெட்டு உடம்பும் ஒன்றாகச் சிலிர்க்கும். பொரி உருண்டையைக் காதோரம் அழுத்தினால் மழை பெய்கிறதாம். தர்ஷன் என்று ஒரு வாயாடி இருந்தான். லட்டைக் காதில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "இது தூங்குது" என்றான்.

நமக்கு லட்டு என்றால் லட்டு. அவர்களுக்கு அது இன்னும் யாரும் போய்ப் பார்க்காத ஊர். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு அது சலித்ததில்லை.

வியாழக்கிழமை மூக்கு. அன்று உள்ளே உட்கார முடியவில்லை. ஒரு கம்பெனிக்காரர்கள் சமூக சேவை என்று சொல்லி எங்கள் மையத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒட்டகச்சிவிங்கி, ரயில், வானவில். நல்லதுதான். ஆனால் எனாமல் பெயிண்ட் நெடி மண்டைக்குள் ஏறியது. வெளியே புங்க மரத்தடிக்குப் போய்விட்டோம். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது.

யாழினி என்று நாலு வயதுக் குழந்தை. அதிகம் பேசாது. அப்பன் ஏழுமலை உள்ளூர் ஆள், ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற பிரிவில் வேலை. அம்மா தையல் வேலைக்குப் போகிறவள். அன்றைக்குக் கண்ணைக் கட்டி அவள் மூக்கருகில் ஒரு லட்டைக் காட்டினேன்.

"கோயிலு" என்றாள்.

லட்டில் பச்சைக் கர்ப்பூரம் போட்டிருந்தார்கள். எனக்கே பிட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அடுத்து அதிரசம். "அத்த வூடு." அடுத்து கடலை மிட்டாய். இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

"டீச்சர் பை."

சரோஜா திரும்பி என்னைப் பார்த்தாள். "யக்கா! பைல ஒளிச்சி வெச்சி துன்றியா நீ?"

ஆமாம், மத்தியானம் தலைசுற்றாமல் இருக்கக் கைப்பையில் இரண்டு கடலை மிட்டாய் வைத்திருப்பேன். வருடக்கணக்காகக் கூடவே வேலை செய்த சரோஜாவுக்குத் தெரியாதது அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. குழந்தைகளுக்கு வாசனையின் பெயர் தெரியாது. அந்த வாசனை எந்த ஆளிடம், எந்த இடத்தில் இருந்ததோ அதையே பெயராகச் சொல்வார்கள். அதைப் புரிந்துகொள்ள உங்களுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு வியாழக்கிழமை இருந்தது, வெள்ளிக்கிழமை இல்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் புகைப்படம் எடுக்க வந்தார்கள்.

எனக்கு அவர்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. எங்கள் மையத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வாசலிலிருந்து பத்து எட்டு வைத்தால் சாலை. ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினால் லாரிச் சக்கரம்தான். மூன்று வருடம் மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. இந்தக் கம்பெனிதான், "முதலில் பெயிண்ட் அடிக்கிறோம், பிறகு சுவரைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லியிருந்தது. அன்று வந்திருந்த அதிகாரி கையில்தான் அது இருந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, சிரித்த முகம். கெட்டவர் இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவும் பட்டுப்புடவையில் வந்து நின்றார். காலையிலேயே என் காதில் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு மட்டும் உங்க வாயை கொஞ்சம் அடக்கிக்கோங்க. சுவர் வேணுமா, வேணாமா?"

வேண்டும். அதனால் அடக்கினேன்.

கம்பெனிக்காரர்கள் இரண்டு அட்டைப்பெட்டி லட்டு கொண்டுவந்திருந்தார்கள். "குழந்தைங்க இந்த வாரம் இனிப்பு வெச்சு படிக்கிறாங்கன்னு மேடம் சொன்னாங்க. அதான்" என்றார் அந்த அதிகாரி. புது ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் பதினெட்டுக் குழந்தைகளையும் உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு லட்டு கையில். எல்லாரும் ஒரே நேரத்தில் லட்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், சிரிக்க வேண்டும், படம் எடுத்த பிறகு சாப்பிட வேண்டும். படம் எடுப்பவர் அவசரப்பட்டார். நான் கண்ணு, விரலு என்று ஆரம்பிக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒதுக்கப்படவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாக் கையும் மேலே போனது. யாழினியின் கை மட்டும் மடியில் இருந்தது.

"யாழினி, லட்டத் தூக்கு" என்றேன்.

"இது வேணா டீச்சர்."

"ஏன்?"

லட்டை மூக்கில் வைத்தாள். "இது அப்பா சட்ட."

நான் என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். பெயிண்ட் நெடிதான் வந்தது. சுவர் முழுக்கப் பெயிண்ட். கதவில் பெயிண்ட். காலையிலிருந்து அதற்குள் நின்று என் மூக்கு மரத்துப் போயிருந்தது. "அது செவுத்து வாசனைடி. தூக்கு" என்றேன்.

"செவுரு இல்ல. லட்டு."

"டீச்சர், அந்தப் பாப்பா மட்டும் கொஞ்சம்" என்றார் படம் எடுப்பவர். மேற்பார்வையாளர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சுவர் இடிந்துகொண்டிருந்தது. நான் குனிந்து அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து லட்டை அதன் உதட்டுக்குக் கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. அப்போது நான் அதன் தொடையில் கிள்ளினேன்.

ஆமாம், கிள்ளினேன். நீங்கள் யாரும் செய்யாததைச் செய்துவிட்டேன் என்று இப்போது முகம் சுளிக்காதீர்கள். பெரிய மனிதர்கள் முன்னால் நிற்கும்போது குழந்தையைக் கிள்ளாத டீச்சரை நான் இன்னும் பார்க்கவில்லை. கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிப் பேசுகிறவள் நான், நாலு வயதுக் குழந்தையைக் கிள்ளினேன்.

அவள் அழவில்லை. எழுந்தாள். பக்கத்தில் இருந்த குழந்தையின் லட்டில் மூக்கை வைத்தாள். "இது நல்ல லட்டு." அடுத்த குழந்தை. "இதுவும் நல்ல லட்டு." அதற்கு அடுத்து. "இது அப்பா சட்ட." அப்படியே வரிசையில் போனாள். யாரையும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. வேலையில் இருந்தாள். நல்லது, நல்லது, அப்பா சட்டை, நல்லது.

சுவர் வாசனை என்றால் எல்லா லட்டிலும்தானே இருக்க வேண்டும்? இவள் பிரிக்கிறாளே!

"கை கீழே!" என்று கத்தினேன்.

ஒரு வருடமாகப் பழக்கிய கட்டளை. எல்லாக் கையும் இறங்கியது. சரோஜா தாம்பாளத்தோடு ஓடிவந்து லட்டுகளை வாங்கினாள்.

"என்ன டீச்சர் இது?" மேற்பார்வையாளர் அம்மா முன்னால் வந்தார். "ஒரு குழந்தை பிடிவாதம் பண்ணுதுன்னு..."

"சாப்பிடற பொருள்மா. சந்தேகம் வந்தா நிறுத்தணும்."

"யாருக்குச் சந்தேகம்? உங்களுக்கா, அந்தக் குழந்தைக்கா?"

"அதுக்கு."

"எங்க கேன்டீன்ல செஞ்சது டீச்சர்" என்றார் அதிகாரி. அவருக்கு வருத்தம். "நேத்து ராத்திரி ஸ்பெஷலா சொல்லி செஞ்சோம்."

நான் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நல்ல லட்டும் இரண்டு அப்பா சட்டை லட்டும் எடுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போனேன். பெரியவர்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். கெட்ட லட்டு இரண்டின் அடியிலும் நகத்தால் கீறி அடையாளம் வைத்தேன். குழந்தையின் கண்ணைத் துண்டால் கட்டினேன். கலைத்துக் கலைத்துக் கொடுத்தேன். பிரித்தாள். மறுபடி கலைத்தேன். பிரித்தாள். மேற்பார்வையாளர் அம்மா வாங்கித் தன் கையால் கலைத்துக் கொடுத்தார். அப்போதும் அதே இரண்டு. ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஐந்து பெரியவர்கள் நின்றோம். ஐந்து பேரும் மாறி மாறி முகர்ந்தோம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாலையில் ஒரு லாரி போனது, அடுத்த லாரி வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்ற அந்தச் சின்ன உடம்புக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் எங்கள் எல்லாருக்கும் பூட்டியிருந்தது. கும்பிடத் தோன்றியது எனக்கு. கோயிலில் கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாருங்க, நானே சாப்பிடறேன்" என்று ஒரு லட்டை எடுத்துப் பாதி கடித்தார். மென்றார். "சூப்பரா இருக்கு."

யாழினி துண்டை நெற்றிக்குத் தள்ளிவிட்டு அவரைப் பார்த்தாள். "அது நல்ல லட்டு மாமா. இத துன்னு."

சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அந்த இன்னொரு லட்டையும் வாங்கிக் கடித்தார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. இரண்டு தடவை மென்றார், மூன்றாவது தடவை முகம் கோணியது, மரத்துக்குப் பின்னால் ஓடித் துப்பினார்.

"தின்னர்" என்றார். வாயைத் துடைத்தபடி நின்றார். "தின்னர் மாதிரி இருக்கு."

பெயிண்டில் கலக்குகிற தின்னர். கம்பெனி வேன் டிரைவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மிச்ச பெயிண்ட் வேலைக்காகக் கொண்டுவந்த தின்னர் டப்பா, மூடி சரியாக இறுக்கவில்லை, பாலித்தீன் உறை கட்டியிருந்தது. வேனுக்குள் இரண்டு லட்டுப் பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குப் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன. அடிப் பெட்டியின் ஓரம் ஊறியிருந்தது. மேல் பெட்டி தப்பித்தது. அதனால்தான் பாதி நல்லது, பாதி கெட்டது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இத்தனை நேரம் நான் மரத்தடியில் என்ன செய்துகொண்டிருந்தேன்? குழந்தை சொன்னது சரிதான் என்று மேற்பார்வையாளர் அம்மாவுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். அங்கே உள்ளே பதினேழு வாய் இருந்தது. எந்த வாயாவது ஏற்கெனவே கடித்துவிட்டதா என்று நான் பார்க்கவில்லை. முதலில் வாயைப் பார்த்திருக்க வேண்டும். நான் முதலில் என் மானத்தைப் பார்த்தேன்.

தாம்பாளத்தை ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு லட்டில் பல் பட்டிருந்தது.

"யார்ரா கடிச்சது?"

யாரும் பேசவில்லை. படம் எடுப்பதற்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அந்தப் பயம். யாழினி ஒவ்வொரு வாயாகப் போய் முகர்ந்தாள். தர்ஷன் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் அவன் கையை விலக்கி மூக்கை வைத்தாள்.

"இவன் வாய்ல கீது டீச்சர்."

சரோஜா உப்பும் தண்ணீரும் எடுக்க ஓடினாள். "வாந்தி எடுக்க வெய்க்கா, சீக்கிரம்!" அதிகாரியும் அதையே சொன்னார். மேற்பார்வையாளர் அம்மாவும் அதையே சொன்னார். எல்லாரும் ஒரே குரலில் சொல்லும்போது அதைச் செய்துவிடுவது எவ்வளவு சுலபம் தெரியுமா?

ஆனால் வருடங்களுக்கு முன்னால் ஒரு நர்ஸ் என்னை அடிக்காத குறையாகத் திட்டியிருந்தாள். மண்ணெண்ணெய் குடித்த ஒரு குழந்தைக்கு நான் உப்புத்தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தபோது டம்ளரைத் தட்டிவிட்டாள். "உள்ள போனது போச்சு. மேல வரும்போது நெஞ்சுக்கூட்டுக்குள்ள இறங்கினா பிள்ளை செத்துடும். வாந்தி எடுக்க வெக்காதே, தூக்கிக்கிட்டு ஓடு." அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தத் திட்டு மட்டும் இருந்தது.

"வேணாம்" என்றேன். சரோஜா கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கொட்டினேன். தர்ஷனின் வாயை ஈரத்துணியால் துடைத்தேன், தூக்கினேன், ஓடினேன். அந்தக் கம்பெனி வேனிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அதிகாரி முன்னால் உட்கார்ந்து டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார். டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கிறது, வாந்தி எடுக்க வைக்காதது நல்லதாகப் போயிற்று, சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். மணிக்கொரு தடவை வந்து பார்த்தார். இரும்பு பெஞ்சில் என் மடியில் உட்கார்ந்திருந்த தர்ஷன், "டீச்சர், அந்த லட்டு முய்ச்சிக்கிச்சா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மணிக்கு பிஸ்கட் கேட்டு அழுதான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சுவர் வரவில்லை. கம்பெனியில் அந்த வேன் விஷயத்துக்கு விசாரணை நடந்தது, அதிகாரி வேறு பிரிவுக்குப் போனார், அவரோடு எங்கள் சுவரும் போனது. நாங்கள் வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டிப் பழைய புடவைத் துணியை முடிந்து தொங்கவிட்டோம். அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று குழந்தைகளுக்கு இரண்டு மாதம் பழக்கினோம். இன்றும் கயிறுதான் என்று கேள்வி. வெட்கமாக இல்லையா என்று யாரைக் கேட்பது என்று தெரியாததால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். நீங்கள் கேளுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். குழந்தைக்கு மூக்கைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தால், அந்த மூக்கு நமக்கு வேண்டாததைச் சொல்லும் நாள் ஒன்று வரும். அன்றைக்குக் கேட்க மாட்டேன் என்றால் பாடமே நடத்தாதீர்கள். பொம்மை கொடுத்து உட்கார வையுங்கள்.

அன்று சாயங்காலம் நான் மையத்துக்குத் திரும்பியபோது பாதிக் குழந்தைகள் போய்விட்டிருந்தார்கள். யாழினி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளிய இடத்தைத் தடவினேன். "டீச்சர் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "உம்" என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. குழந்தைகள் உடனே மறந்துவிடுவார்கள் என்பது நம் சௌகரியத்துக்கு நாம் சொல்லிக்கொள்வது.

முதல் ஷிப்ட் முடிந்து ஏழுமலை வந்தான். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய உடனே யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஓடிவந்தான். சரோஜா வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"யப்பா, உன் பொண்ணு இன்னிக்கி ஊரையே காப்பாத்திச்சி! ஒரு பெரிய மன்ஷனுக்கும் தெரில. உன் சட்ட நாத்தத்த வெச்சே கண்டுபுடிச்சிட்சி பா!"

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது.

மகளைத் தூக்க நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "நான் கம்பெனிலயே குளிச்சிட்டு தான் டீச்சர் வரேன். ரெண்டு வாட்டி சோப்பு போடுறேன். அந்தச் சட்டைய அங்கியே மாட்டிட்டு வேற போட்டுகினு தான் வூட்டுக்கு வருவேன். கொயந்த கீதேன்னு." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. மூக்கு செத்து ரொம்ப நாளாச்சி. கொயம்பு தீஞ்சா கூட அவ அம்மா தான் சொல்லணும்."

தன் சட்டைக் கையைத் தூக்கி மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"இப்பவும் வருதா டீச்சர்? உண்மைய சொல்லுங்க."

திறந்தவெளி, புங்க மரத்துக் காற்று. என் மூக்கு காலையைவிடத் தெளிந்திருந்தது. சோப்பு வாசனை வந்தது. அதற்கு அடியில் மெல்லியதாக அதுவும் வந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை, வரவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் யாழினி படியிலிருந்து இறங்கிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் அவன் தோளில் மூக்கை வைத்தாள். அவசரப்படவில்லை. கழுத்துப் பக்கம், காதுக்குப் பின்னால், திரும்பத் தோள்.

"வருது" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது அப்பா" என்றாள், தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. "அப்பா மேல இருந்தா நல்லாகீது. லட்டுல இருந்தா தான் நல்லால்ல."

அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.